வீரிக்கு வரன் தேடிய மாயக்காள்

பேரையூருக்கு மேற்கே, மேகம் எட்டிப் பார்த்து நலம் விசாரித்துவிட்டு மட்டும் போகிற கரிசல் காட்டில் ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர் மாயக்காளிடம் நாய்க்குட்டி வாங்கிவிட்டவன் தெருவில் நடக்கிற நடையே தனி. ஜமீனில் பட்டயம் வாங்கியவன்கூட அப்படி நடந்ததில்லை. காரணம் உண்டு. பட்டயம் வாங்க ஜமீன்தார் ஒருவருக்குப் பிடித்தால் போதும். குட்டி வாங்க முதலில் மாயக்காளுக்குப் பிடிக்க வேண்டும். பிறகு தாய் நாய்க்குப் பிடிக்க வேண்டும். அதற்கும் பிறகு, கேட்டு வந்தவனுடைய வீட்டுக்காரியை மாயக்காளுக்குப் பிடிக்க வேண்டும். இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் பிடித்துப்போகிற ஆண்பிள்ளைகள் அந்தத் தாலுகாவில் அதிகம் இல்லை.

அவள் வளர்த்தது வேட்டை நாய். ஒட்டிய வயிறு, நீண்ட மூக்கு, சவுக்கு மாதிரி வால். நிற்கும்போது நாய்க்குத்தான் ஏதோ கவலை என்று தோன்றும். ஓட ஆரம்பித்தால் கவலை முயலுக்கு மாறிவிடும். அந்தச் சீமையில் இந்த நாயை யாரும் விற்பதில்லை, வாங்குவதில்லை. கேட்க வேண்டும்; கொடுத்தால் கும்பிட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆண் நாய்க்காரருக்கு ஈற்றில் ஒரு குட்டி பாத்தியம். அவ்வளவுதான் சட்டம். மாயக்காள் அதில் தன் பங்குக்குச் சில பிரிவுகளைச் சேர்த்திருந்தாள்.

குட்டி கேட்டு வருகிறவனுக்கு உடனே பதில் சொல்லமாட்டாள். "போங்க, நான் வாரேன்" என்பாள். சொன்னபடியே ஒரு நாள் எதிர்பாராத வேளையில் போய் நிற்பாள். வந்தவளுக்கு மோர் கொடுப்பார்கள். அவள் மோரைக் குடித்துக்கொண்டே உழவு மாட்டின் கழுத்தில் புண் இருக்கிறதா என்று பார்ப்பாள். நாய் படுக்கப்போகிற இடத்தில் மழைத் தண்ணீர் நிற்குமா என்று காலால் தேய்த்துப் பார்ப்பாள். சமயநல்லூரிலிருந்து ஒருவர், குட்டிக்குப் பதிலாக இரண்டு வெள்ளாடு தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மாயக்காள் போனாள். அவர் வீட்டுக் கிழ நாய், ஒரு முழக் கயிற்றில், வெயிலில் கட்டிக் கிடந்தது.

"ஏண்ணே, இம்புட்டுக் கயித்துல ஒங்களக் கட்டிப்போட்டா எம்புட்டு நேரம் சும்மா இருப்பீக?" என்று கேட்டுவிட்டு மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். வெள்ளாடுகள் சமயநல்லூரிலேயே நலமாக வாழ்ந்தன.

பெட்டை நாய் பருவத்துக்கு வந்த முதல் தடவையே இணை சேர்க்க விடமாட்டாள். "அவளே இன்னும் செருப்பைக் கவ்விக்கிட்டு ஓடித் திரியிறா. அதுக்குள்ள புள்ளைத்தாச்சி ஆக்கச் சொல்றியளே" என்று துரத்திவிடுவாள். ஈன்ற பிறகு ஊரார் வழக்கம் வேறு. பெட்டைக் குட்டிகளைக் கண்மாய்ப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, கடுவன் குட்டி ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் பால் தாராளமாகக் கிடைக்கும் என்பது அவர்களுடைய பொருளாதாரம். மாயக்காள் அந்தப் பொருளாதாரத்தை ஏற்கவில்லை. பால் பற்றாத குட்டிக்கென்றே ஒரு வெள்ளாடு வைத்திருந்தாள். அந்தப் பாலைத் துணித் திரியில் நனைத்து ஊட்டுவாள். குட்டிகள் படுக்கிற சாக்கைத் தினமும் வெயிலில் உதறிப் போடுவாள். கம்பங்கூழைத் தானாக நக்கிக் குடித்து, தாயிடம் நாலு கடியும் வாங்கிய பிறகுதான் குட்டி வீட்டைவிட்டு வெளியேறும். "ஆத்தாகிட்டக் கடி வாங்காத குட்டி, கடிக்க அளவு தெரியாம ஒன்னையக் கடிச்சு வைக்கும். பெறகு என்னைய வந்து வையக்கூடாது" என்பாள்.

இவ்வளவு சட்டத்துக்கும் மூல சட்டம் ஒன்று உண்டு. அது பிறந்த கதை அவள் கல்யாணத்தில் ஆரம்பிக்கிறது.

மாயக்காளுக்குச் சீதனமாக அவள் அப்பன் கொடுத்தது ஒரு ஜோடி நாய்க்குட்டி. ஒரே ஈற்றில் பிறந்த கடுவனும் பெட்டையும். பெட்டையின் பெயர் செவலை. மாப்பிள்ளை சின்னச்சாமி நல்லவன். அவனிடம் இருந்த ஒரே கெட்ட குணம், எந்த வேலையையும் வீட்டுக்குள்ளேயே முடித்துவிடப் பார்ப்பது. செவலை பருவத்துக்கு வந்து, மாயக்காள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த சமயம். "வீட்டுலயே மாப்பிள்ளை இருக்கையில எதுக்கு ஊரு ஊரா அலையணும்?" என்று அண்ணனையும் தங்கையையும் ஒரே தொழுவத்தில் அடைத்துவிட்டான். சிக்கனமான மனிதன்.

பிறந்த குட்டிகள் பலவும் கண் திறப்பதற்குள் போய்விட்டன. ஒன்று பிழைத்தது. அதுவும் கண்ணைத் திறந்தது. ஆனால் திறந்த கண்ணில் பால் நிறம்தான் இருந்தது. சின்னச்சாமி ஒரு வாரம் தொழுவத்திலேயே படுத்தான். பிறகு அவனே அதற்குக் கண்ணாயிரம் என்று பெயர் வைத்தான். ஊரார் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

கண்ணாயிரம் ஒன்பது வருஷம் இருந்தான். பானை எங்கே, உரல் எங்கே, மாயக்காள் எங்கே என்று எல்லாம் மூக்கில் வைத்திருந்தான். வீட்டில் எந்தச் சாமானையும் இடம் மாற்றக்கூடாது என்று உத்தரவு. தீபாவளிக்குப் புது அண்டா வாங்கியபோது, அதில் மோதிவிடுவான் என்று அண்டா முழுக்க மூன்று மாதம் சாணித் தண்ணீரைத் தெளித்து வாசனை பழக்கினாள் மாயக்காள். அந்த அண்டாவில் யாரும் குடிக்க முன்வரவில்லை. கண்ணாயிரத்திடமிருந்துதான் மூல சட்டம் வந்தது: ரத்தம் கலந்த உறவில் நாய்க்கு இணை கிடையாது. தாய் வழியானாலும் சரி, தகப்பன் வழியானாலும் சரி.

அதற்குப் பிறகு செவலைக்கு வெளியூர் வரனில் மயிலி என்று ஒரு மகள். பின்னொரு ஈற்றில் சிங்கம் என்று ஒரு மகன். மயிலிக்கு வீரி என்று ஒரு மகள். இந்த மூன்று பெயரை மட்டும் வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். பாண்டிய வம்சாவளியைவிடச் சுலபம்.

செவலை போனாள். மயிலியும் போனாள். அந்த வீட்டில் மிஞ்சிய ஒரே பெட்டை வீரி. போன வருஷம் பருவத்தில் இருந்தபோது பன்றி தொடையைக் கிழித்து, இணை சேர்க்காமல் போயிற்று. முதல் பேறுக்கு வயது கடந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை தவறினால் செவலை வழி அத்தோடு முடிந்தது. தப்பான இணை சேர்ந்துவிட்டாலோ, இன்னொரு கண்ணாயிரம். மாயக்காள் இரண்டுக்கும் இடம் கொடுப்பதாக இல்லை.

வரன் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். அது நடந்தது மதுரையில், சித்திரைத் திருவிழாவில். அழகரைச் சேவிக்கப் போனவள், கூட்டத்தில் ஒரு நாயைப் பார்த்துவிட்டாள். சந்தன நிறம், ஆழமான நெஞ்சு, ஊசி போட்டால் கேட்கிற காது. கயிற்றின் மறு நுனியில் பஞ்சகச்சம் கட்டிய ஒரு பெரியவர். மாயக்காள் சாமியை விட்டுவிட்டு நாயின் பின்னால் நடந்தாள். சின்னச்சாமி அவளைக் காணாமல் வைகை மணல் முழுக்கத் தேடினான். அவள் மேல ஆவணி மூல வீதிச் சந்து ஒன்றில், பெரியவர் வீட்டுக் கொல்லைக் கதவருகே நின்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் பெயர் ஹாலாஸ்யம். சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். திருவாதவூரில் அவருக்கு நிலம். குத்தகைக்காரர் அன்பாகக் கொடுத்த குட்டிதான் இந்த அர்ஜுனன். தயிர்சாதத்தில் வளர்கிறவன் என்று அவர் சொன்னார். எதிர்வீட்டுக் கோழி ஏன் முட்டையிடுவதை நிறுத்திவிட்டது என்பது அந்தச் சந்தில் யாருக்கும் விளங்காத மர்மமாக இருந்தது.

மாயக்காள் அனுமதி கேட்கவில்லை. அர்ஜுனன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். காதுக்குள் முகர்ந்தாள். பின்னங்காலை மடக்கி நீட்டினாள்.

"பையனுக்கு வலிப்பு கிலிப்பு உண்டா சாமி?"

ஹாலாஸ்யம் கொஞ்சம் திகைத்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். "அது இருக்கட்டும். உன் பொண்ணுக்குச் சொறி, சிரங்கு உண்டா? அதைச் சொல்லு முதல்ல. நேர்ல பார்க்காம நான் சம்மதிக்க மாட்டேன். அப்புறம் உன் பொண்ணு எங்க அர்ஜுனனுக்கு எதையாவது ஒட்டிட்டுப் போனா?"

மாயக்காள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவளைத் திருப்பிக் கேள்வி கேட்ட முதல் ஆள். அவளுக்கு அவரை ரொம்பவும் பிடித்துவிட்டது.

உள்ளேயிருந்து அவர் மனைவி நாகலக்ஷ்மியின் குரல் வந்தது: "நம்ம ஸ்யாமளாவுக்கு மாப்பிள்ளை பார்க்கறச்சே இப்படி வாயைத் திறந்து பார்த்திருந்தேள்னா, அவருக்குப் புகையிலைப் பல்லுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். ஜாதகம் மட்டும் பார்த்தேள்."

வரன் முடிவாயிற்று. அந்த வீட்டில் மனிதர்களுக்கு வாசல் தனித்தனி. கொல்லைப்புறம் மட்டும் நாய்களின் புண்ணியத்தில் பொதுவாக இருந்தது.

இதெல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஊர் நாட்டாமை விருமாண்டிக்குச் செய்தி எட்டியது.

விருமாண்டி மீசையாலும் குரலாலும் நாட்டாமை ஆனவர். மாயக்காளுக்கு அண்ணன் முறை. செவலையின் மகன் சிங்கம் அவர் வீட்டில்தான் வளர்ந்தது; அந்த ஈற்றுக்கு அவர் வீட்டு நாய் இணை என்பதால் பாத்தியமாகப் போன குட்டி. வீரி பருவத்துக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்றே, சிங்கத்தைக் குளிப்பாட்டி, கழுத்தில் ஒரு செவ்வந்தி மாலையும் போட்டு, வீதி வழியாக இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏத்தா மாயக்கா, மாப்பிள்ளையக் கூட்டியாந்துட்டேன்."

"எந்த மாப்பிள்ளைண்ணே?"

"என்னத்தா இப்படிக் கேக்குற? சிங்கம் வீரிக்குத் தாய்மாமன்ல! ஆத்தாகூடப் பொறந்தவன். மொத உருமை அவனுக்குத்தேன்."

"நான் மதுரையில பேசி முடிச்சிட்டேண்ணே."

விருமாண்டியின் மீசை நின்ற இடத்தில் நின்றது. தாய்மாமன் உயிரோடு இருக்கையில் அன்னியத்தில் கொடுப்பதா? அந்தச் சீமையில் இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. அக்காள் மகளை வேறொருவனுக்குக் கொடுத்ததற்காக வீட்டு வாசலில் ரத்தக்களரி ஆன ஊர் அது. சிங்கம் அந்த அவமானத்தை உணர்ந்ததாகத் தெரியவில்லை. மாலையில் இருந்த செவ்வந்தியை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது.

"மந்தையில கூடுவோம். ஊரு சொல்லட்டும். அதுவரைக்கும் வீரி எல்லையத் தாண்டப்படாது" என்று சொல்லிவிட்டு விருமாண்டி போனார்.

நாய்க்கு இணை சேர்க்கிற பருவம் கோர்ட் வாய்தா மாதிரி காத்திருக்காது. மாயக்காள் சின்னச்சாமியைப் பார்த்தாள். சின்னச்சாமி கூரையைப் பார்த்தான்.

மறுநாள் காலை மந்தைப் புளியமரத்தடியில் ஊர் கூடியது. கொலைக் கேஸுக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. ஒரு பக்கம் சிங்கம், புது மாலையோடு. மறு பக்கம் வீரி, சின்னச்சாமியின் மடியில் தலை வைத்துக்கொண்டு. நடுவில் சுருளிக் கிழவர். யார் யாருக்கு என்ன முறை என்று மூன்று தலைமுறைக்குச் சொல்லக்கூடிய மனிதர். உறவைக் கணக்கிடக் கூழாங்கற்களை எப்போதும் மடியில் வைத்திருப்பார்.

விருமாண்டி எழுந்தார். "ஊரைக் கேக்குறேன். தாய்மாமன் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். அவனை ஒதுக்கிட்டு, மதுரைப் பட்டணத்துல தயிர்சோறு திங்கிறவனுக்குக் கொடுக்குறேங்குறா எந்தங்கச்சி. இது அடுக்குமா?"

"அடுக்காது!" என்றது கூட்டம்.

சுருளி கற்களைப் பரப்பினார். "இது செவலை. இந்தா, அவ மக மயிலி. செவலை மகன் சிங்கம். மயிலியும் சிங்கமும் ஒரு வயித்துப் பிள்ளைக. மயிலி மக வீரி. ஆக..." கடைசிக் கல்லை வைத்து நிமிர்ந்தார். "தாய்மாமன்தேன். சந்தேகமே இல்லை. மருமகளே, முறை இருக்கு. மறுக்க முடியாது."

மாயக்காள் எழுந்தாள். அவளுக்குத் தெரிந்ததை நேராகச் சொன்னாள்.

"மாமா, மனுசருக்கு உள்ள முறை நாய்க்கு எதுக்கு? சிங்கம் நல்ல பையன்தேன். நான் தூக்கி வளத்த குட்டி. ஆனா ஒரே ரத்தம் ஒண்ணா சேந்தா, குட்டி கொறையாப் பொறக்கும். கண்ணாயிரத்தை நீங்க எல்லாரும் பாக்கலையா? ஒரு வயித்துச் சொந்தத்துல சேந்து வந்த வினைதானே அது?"

ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

தான் சொன்னது என்னவென்று மாயக்காளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கூட்டத்தில் அக்காள் மகளையோ மாமன் மகளையோ கட்டாத ஆண்பிள்ளையை விரலில் எண்ணிவிடலாம். விருமாண்டி கட்டியிருந்தது சொந்த அக்காள் மகள் அன்னக்கொடியை.

காளை என்கிற குடியானவர் முதலில் எழுந்தார். "அப்ப எங்க வீட்டுப் பிள்ளைக எல்லாம் கொறையாப் பொறந்ததுங்கிறியாத்தா?"

"நான் நாயைச் சொன்னேண்ணே."

"எம்மகன் தறுதலைதேன். ஒத்துக்கிறேன். ஆனா கண்ணு நல்லாத்தேன் தெரியுது."

பெண்கள் பக்கத்திலிருந்து அன்னக்கொடி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்தாள். "என்னடி சொன்ன? எம்புருசன் தாய்மாமன்தேன். எனக்கு அஞ்சு பிள்ளை. எது கொறை? வந்து எண்ணிப் பாரு, கை காலு எல்லாம் சரியா இருக்கா இல்லையான்னு!"

ஊர் கொந்தளித்தது. ஒரு நாயின் கல்யாணம் இப்போது ஒவ்வொரு வீட்டுக் கல்யாணத்தின் மேலும் சேற்றை வாரி இறைத்துவிட்டது. மாயக்காள் மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்றைக்கே சிங்கத்தை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். இல்லையென்றால் மாசிப் பாரிவேட்டைக்கு அவள் வீட்டு நாய் வரக்கூடாது என்று நாலு பேர் நாலு தீர்ப்பைச் சொன்னார்கள். சொல்வது உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, கேட்கிறவன் வீட்டுச் சம்பந்தத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதை மாயக்காள் அன்று கற்றாள்.

அவள் வீரியைப் பார்த்தாள். பிறகு சுருளியின் கற்களைப் பார்த்தாள். கற்கள் எல்லாம் தாய் வழியிலேயே நின்றன. அவளுக்குத் தாய் ரத்தம், தகப்பன் ரத்தம் இரண்டும் ஒன்றுதான். அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளுக்கு அதுவரை தோன்றவே இல்லை. ஊருக்கோ அவை இரண்டும் வேறு வேறு. தாய் வழி, பெண் கொடுக்கிற சம்பந்தி; தகப்பன் வழி, பெண் கொடுக்கக் கூடாத பங்காளி.

மாயக்காள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"பேசுனது தப்புன்னா மன்னிச்சுக்கங்க. மதினி, ஒங்க கால்ல வேணாலும் விழுறேன். முறைதேன் பெருசு. முறைப்படியே பாப்போம். சுருளி மாமா கல்லு இன்னும் முழுசா வைக்கலை." விருமாண்டி பக்கம் திரும்பினாள். "ஏண்ணே, சிங்கத்தோட அப்பன் யாரு?"

விருமாண்டியின் முகம் மலர்ந்தது. அந்தக் கேள்விக்காகவே அவர் பிறந்திருந்தார். "கேட்டா பாரு ஒரு கேள்வி! எங்க கரியன்! எங்கய்யா கையால வளத்த கரியன்! அவன் ஓட்டத்துக்கு முன்னால ஜமீன் குதிரை நிக்குமா? பேரையூருலருந்து திருமங்கலம் வரைக்கும் நல்ல நாய்னு எதைக் காட்டுனாலும் அது எங்க கரியன் பெத்ததுதேன்!"

"அப்ப வீரியோட அப்பன்?"

வேகத்தில் வந்த பேச்சு நிற்கவில்லை. "அவளும் எங்க கரியனுக்குப் பொறந்தவதேன்! பின்னே, அந்த நெஞ்சு வேற எவனுக்கு..."

குரல், கரியில் ஓடுகிற பஸ் மேட்டில் நிற்பது மாதிரி இருமி நின்றது.

சுருளி ஒரு கறுப்புக் கல்லை எடுத்துச் சிங்கத்துக்கு மேலே வைத்தார். அதே கல்லிலிருந்து வீரிக்கு விரலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். கோட்டைப் பார்த்தார். காதைப் பொத்திக்கொண்டார்.

"அடப் பாவிகளா! ஒரே அப்பன் பிள்ளைகளாய்யா?"

"அண்ணன் தங்கச்சியா?"

"பங்காளியில போயி..."

"தாய்மாமன்னு சொன்னீகளே!"

"தாய்மாமனும்தேன். அண்ணனும்தேன்" என்று சுருளி கல்லையே வெறித்தார். அறுபது வருஷமாகச் சொன்ன முறையெல்லாம் அவருக்குள் இடிந்து விழுவது முகத்தில் தெரிந்தது. "ஒரே ஆளு எப்படிய்யா மாமனாவும் அண்ணனாவும் இருப்பான்?"

அதுவரை வாய் திறக்காத சின்னச்சாமி சொன்னான்: "நாய்தானே பெரியப்பா."

அன்று மந்தையில் பேசப்பட்ட எல்லாவற்றிலும் அறிவான சொல் அதுதான். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

விருமாண்டி பதறிப்போய்ச் சிங்கத்தின் கழுத்திலிருந்து மாலையை உருவினார். தங்கையை மணக்க மாலையோடு வந்தவன் என்ற பாவம் தீர, சிங்கத்தின் தலையில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஊர் தீர்ப்பளித்தது. சித்திரை வெயில் போல் அடித்த அந்தக் காலையில், சிங்கம் பரிகாரத்தை மனதார அனுபவித்தது. நாலாவது குடம் உண்டா என்று பார்த்தது.

மாயக்காள் காத்திருக்கவில்லை. வீரியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். உலகச் சண்டைக் காலம்; பெட்ரோல் இல்லை; பின்னால் கொதிகலனைச் சுமந்துகொண்டு கரியில் ஓடுகிற பஸ். நாய்க்கு இடமில்லை என்றார் கண்டக்டர். "நாய் இல்லைங்க, கல்யாணப் பொண்ணு" என்றாள் மாயக்காள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். மேட்டில் பஸ் நின்றபோது எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். வீரி மட்டும் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாள், கல்யாணப் பெண் போலவே.

ஹாலாஸ்யம் வீரியின் காதுகளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். தோலைத் தடவினார். பன்றி கிழித்த தழும்புக்கு விளக்கம் கேட்டு வாங்கினார். "பேஷ்" என்றார் கடைசியில். அவர் பென்ஷன் உத்தரவைக்கூட அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை என்று நாகலக்ஷ்மி அடுக்களையிலிருந்து அறிவித்தாள். அர்ஜுனனுக்கும் வீரிக்கும் இவ்வளவு சம்பிரதாயம் தேவைப்படவில்லை. அவர்கள் கொல்லையில் துளசி மாடத்தைச் சுற்றி இரண்டு தடவை ஓடினார்கள், சிநேகமாகிவிட்டார்கள்.

வீரி ஆறு குட்டி போட்டாள். ஆறாவது, எலி அளவு. சின்னச்சாமி அதைத் தன் துண்டுக்குள் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, திரியில் ஆட்டுப்பால் ஊட்டினான். அடைகாக்கிற கோழி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பான். எந்த வேலையையும் வீட்டுக்குள்ளேயே முடிக்கிற குணம் அவனுக்கு முதல் தடவையாகப் பயன்பட்டது.

கண் திறக்கிற நாட்கள் வந்தன. மாயக்காள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எல்லாக் குட்டியும் கண் திறந்து சில நாள் ஆன பிறகு ஒரு காலையில் பித்தளைச் சொம்பைத் தேய்த்து எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். ஒவ்வொரு குட்டியாக மடியில் வைத்து, வெயில் பட்டு மின்னுகிற சொம்பை இடது பக்கமிருந்து வலது பக்கமாக மெதுவாக நகர்த்தினாள். முதல் குட்டியின் தலை சொம்போடு திரும்பியது. இரண்டாவதும் திரும்பியது. சின்னச்சாமி சற்றுத் தள்ளி உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான். திரித்த கயிற்றையே மறுபடி பிரித்துத் திரித்துக்கொண்டிருந்தான்.

எலி அளவுக் குட்டி கடைசி. சொம்பு நகர்ந்தது. குட்டி அசையவில்லை. மாயக்காள் கை நின்றது. மறுபடி நகர்த்தினாள். குட்டி ஒரு கொட்டாவி விட்டது. பிறகு சொம்பைப் பார்த்து, குறுகுறுவென்று திரும்பி, அதைக் கவ்வப் பாய்ந்து மடியிலிருந்து விழுந்தது.

"ஆறும் பாக்குதா புள்ள?"

"பாக்குதுய்யா."

சின்னச்சாமி எழுந்து, மூக்கைச் சிந்த வெளியே போனான். கண்ணாயிரம் படுத்துக் கிடந்த மூலையை மிதிக்காமல் சுற்றிக்கொண்டுதான் போனான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஹாலாஸ்யம் தன் பாத்தியத்துக்கு வந்து ஒரு பெட்டைக் குட்டியைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோனார். பஸ்ஸில் அது அவர் பஞ்சகச்சத்தை நனைத்ததாகவும், அவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதாகவும் தகவல்.

இதற்கிடையில் மந்தைத் தீர்ப்பு தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. சுருளி தூக்கமில்லாமல் தாலுகா நாய்களுக்கெல்லாம் கல் வைத்துப் பார்த்தார். எங்கே வைத்தாலும் கறுப்புக் கல் வந்து நின்றது. கரியன் பெத்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பேரையூர் முதல் திருமங்கலம் வரை நிறைந்திருந்தார்கள். விருமாண்டி பெருமையில் பொய்யே இல்லை. ஆக, அந்தச் சீமையின் நல்ல நாய்கள் எல்லாம் பங்காளிகள். ஒன்றுக்கொன்று சம்பந்தம் பேசுவது மகாபாவம். இப்போது நாய் வைத்திருப்பவன் எவனும் ஊருக்குள் இணை சேர்க்கத் துணியவில்லை. ஆளாளுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, திருவாதவூர், மேலூர் என்று தூர தூரமாக வரன் தேடி நடந்தார்கள். மாயக்காள் பத்து வருஷமாகச் சொல்லிக் கேட்காத காரியத்தை, பங்காளி பயம் ஒரே மாதத்தில் செய்துவிட்டது. இந்தச் சீர்திருத்தத்துக்குச் சர்க்கார் எந்தப் பட்டமும் வழங்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் விருமாண்டி வந்தார். கையில் தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, தேங்காய். பின்னால் சிங்கம், மாலை இல்லாமல்.

"ஏத்தா, பழசை மனசுல வச்சுக்காத. இவனுக்கு வயசாகிக்கிட்டே போகுது. பங்காளி இல்லாத எடமா, திருவாதவூர்ப் பக்கம் ஒண்ணு பாத்துச் சொல்லு. நீ பாத்தா சரியா இருக்கும். அப்படியே... ஒன் வீட்டுக் குட்டியில ஒண்ணு எனக்கும்."

மாயக்காள் தாம்பாளத்தை வாங்கவில்லை. "வாயைத் தொறக்கச் சொல்லுங்கண்ணே."

எட்டு ஊருக்குப் பஞ்சாயத்து சொல்கிற நாட்டாமை, தாம்பாளத்தை மண்ணில் வைத்துவிட்டு மண்டிபோட்டு, இரண்டு கையாலும் சிங்கத்தின் வாயைப் பிளந்து காட்டினார். அவள் பல்லைப் பார்த்தாள். காதை முகர்ந்தாள். பின்னங்காலை மடக்கி நீட்டினாள்.

"பையன் பரவாயில்லை. திருவாதவூருல கேட்டுப் பாக்குறேன்."

"குட்டி?"

"அதுக்கு வீட்டைப் பாக்கணும். அன்னக்கொடி மதினி இருக்காகளா?" என்று கேட்டுக்கொண்டே மாயக்காள் செருப்பை மாட்டினாள்.

விருமாண்டிக்குச் சமயநல்லூர்க்காரர் கதை தெரியும். அந்தச் சீமையில் எல்லோருக்கும் தெரியும். தாம்பாளத்தை அப்படியே விட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். நாட்டாமை ஆன நாளிலிருந்து ஓடியறியாத அந்த மனிதர், சிங்கத்தையும் முந்திக்கொண்டு, தொழுவத்துக் கயிற்றை நீளமாக்குவதற்காகத் தெருவோடு ஓடினார்.